சுவரைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஏழு, ஒரே நாவலைப் பற்றியவை. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘அனிமல் ஃபார்ம்’; தமிழில் ‘விலங்குப் பண்ணை’. பாடமாகப் படிக்கிறவர்களும், பிள்ளைகள் படிப்பதைப் பார்த்துக் கையில் எடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்: இங்கிலாந்தில் ஒரு பண்ணை. குடிகார முதலாளி ஜோன்ஸை விலங்குகள் விரட்டிவிட்டு, இனி எல்லா விலங்கும் சமம் என்று ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதிவைக்கின்றன. தலைமை ஏற்ற பன்றிகளில் நெப்போலியன், போட்டியாக நின்ற ஸ்னோபாலை விரட்டிவிடுகிறது; ஸ்குவீலர் என்ற பன்றி அதற்குப் பிரசாரகன். பன்றிகள் மெல்ல மெல்லப் பழைய முதலாளியாகவே ஆகிவிடுகின்றன. 1917 ரஷ்யப் புரட்சியும் அதற்குப் பின் வந்த ஸ்டாலின் ஆட்சியும் கதைக்குப் பின்னால் நிற்கின்றன.

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்னோபால் என்றால் ஸ்டாலின் நாடு கடத்திய டிராட்ஸ்கி, ஜோன்ஸ் என்றால் ஜார் மன்னர் என்று கைடில் உள்ள அட்டவணை முழுக்க மனப்பாடம். ஆனால் பத்து மதிப்பெண் கேள்விக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எப்படிப் படிக்க?
— கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: அந்த அட்டவணையை இரண்டு வாரத்துக்கு மூடி வையுங்கள் அம்மா. அது கணக்கின் கடைசி வரி. வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்ததால்தான் பேனா நின்றுவிடுகிறது.

நாவல் சிறியது. பத்து அத்தியாயம், ஆங்கிலத்தில் ஏறத்தாழ 30,000 சொற்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். பன்றி, குதிரை, கோழி என்று கதையாகவே படியுங்கள். ரஷ்யாவை நினைக்கவே வேண்டாம்.

இரண்டாவது வாசிப்புக்கு ஒரு நோட்டு வேண்டும். ஏழு கட்டளைக்கு ஏழு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு காலில் நடப்பது பகை. நான்கு காலில் நடப்பதும் சிறகுள்ளதும் நட்பு. உடை உடுத்தக் கூடாது. கட்டிலில் தூங்கக் கூடாது. மது குடிக்கக் கூடாது. இன்னொரு விலங்கைக் கொல்லக் கூடாது. எல்லா விலங்கும் சமம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலே விவரம் போதும்: அந்தக் கட்டளை எந்த அத்தியாயத்தில் மீறப்படுகிறது, சுவரில் அது எப்போது மாறியிருக்கிறது, என்ன சொல் கூடியிருக்கிறது, யாருக்குச் சந்தேகம் வந்து யார் வாசித்துச் சொல்கிறார்கள்.

எழுத ஆரம்பித்தால் ஒன்று தெரியும். ஆறாம் அத்தியாயத்தில் பன்றிகள் ஜோன்ஸ் வீட்டுக் கட்டிலில் படுக்கின்றன. குளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம். அதற்கு எழுத்துத் தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியாது. மியூரியல் என்ற ஆடு வாசித்துச் சொல்கிறது. ‘கட்டிலில் தூங்கக் கூடாது’ என்ற வரியின் கடைசியில் ‘வித் ஷீட்ஸ்’ என்று சேர்ந்திருக்கிறது, அதாவது விரிப்போடு தூங்கக் கூடாது. ஏழாம் அத்தியாயத்தில் கொலைகள். எட்டாம் அத்தியாயத்தில் பார்த்தால் அந்தக் கட்டளையின் வாலில் ‘வித்தவுட் காஸ்’, காரணமில்லாமல். அதே எட்டில் பன்றிகள் விஸ்கி குடித்தபின் மதுக் கட்டளையின் வாலில் ‘டு எக்ஸஸ்’, அளவுக்கு மீறி. மூன்று இடத்திலும் கூடியவை இரண்டிரண்டு சொற்கள்தான். மூன்றும் வரியின் கடைசியில், சுவரில் இடம் காலியாக இருக்கும் பக்கத்தில். தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. தமிழில் ‘கூடாது’ வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவதால் ‘காரணமில்லாமல்’ நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் பழைய வரியை அழிக்கவே வேண்டாம். முனையில் இரண்டு சொல் தீட்டினால் போதும். எட்டாம் அத்தியாயத்தில் நள்ளிரவு நேரத்தில் ஏணி முறிந்து, பக்கத்தில் விளக்கும் தூரிகையும் கவிழ்ந்த வெள்ளைச் சாயச் சட்டியுமாக ஸ்குவீலர் விழுந்துகிடப்பது இதற்குத்தான். இந்த ஒரு கவனிப்பை விளக்கி எழுதினாலே ஒரு பக்கம் நிறையும்.

மூன்றாவது வாரம் வரலாறு. இப்போது அட்டவணையைத் திறக்கலாம், ஆனால் ஆளுக்கு ஆள் என்று பார்க்காமல் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி என்று வையுங்கள். பண்ணையை மீட்க ஜோன்ஸ் வந்து தோற்கும் மாட்டுத்தொழுவப் போர், 1918-க்குப் பிந்தைய உள்நாட்டுப் போர். முட்டையைத் தர மறுத்து உத்தரத்தில் ஏறி முட்டையிட்டு உடைக்கும் கோழிகள், கூட்டுப்பண்ணை முறையை எதிர்த்துத் தங்கள் கால்நடைகளையே வெட்டிப்போட்ட விவசாயிகள். ஏழாம் அத்தியாயத்துக் குற்ற ஒப்புதல்கள், 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த விசாரணைகள். மரம் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்காரன் ஃபிரெடரிக் கொடுத்த கள்ள நோட்டு, 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தம். விலங்குகள் கட்டிய காற்றாலையை அவன் வெடிவைத்துத் தகர்ப்பது, ஹிட்லரின் 1941 ஜூன் படையெடுப்பு. உண்மை நிகழ்ச்சிகளின் கால வரிசையைக் கதையின் தேவைக்காக மாற்றிக்கொண்டதாக ஆர்வெலே எழுதியிருக்கிறார். ஆகவே எல்லாம் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பொருந்தாத இடத்தைச் சொல்லி, ஏன் அப்படி மாற்றியிருப்பார் என்று இரண்டு வரி எழுதினால், படித்து எழுதிய விடை என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மாதிரி பாருங்கள். ‘பொய்ப் பிரசாரம்’ என்று கேள்வி வந்தால் ஸ்னோபாலின் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் அத்தியாயத்தில் ஜோன்ஸின் துப்பாக்கிக் குண்டு முதுகைக் கீறியும் போராடி, ‘விலங்கு வீரன், முதல் வகுப்பு’ பதக்கம் வாங்குகிறது. ஐந்தில் விரட்டப்பட்டதும், போரில் அதன் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்கிறார்கள். ஏழில், ஆரம்பம் முதலே ஜோன்ஸின் ஆள், அந்தக் குண்டுக் காயமும் ஏற்பாடு. எட்டில், பதக்கமே வாங்கவில்லை, கோழைத்தனத்துக்குக் கண்டனம்தான் கிடைத்தது. ஒன்பதில், எதிரிப் படைக்கே தலைமை தாங்கியது, முதுகுக் காயம் நெப்போலியனின் பல் பட்டது. ஒரே காயத்துக்கு மூன்று விளக்கம்! ஏழாம் அத்தியாயத்தில் பாக்ஸர் குதிரை ஒரு நிமிடம் எதிர்த்து நிற்கிறது. நெப்போலியன் சொல்லிவிட்டார் என்றதும் அடங்கிவிடுகிறது. எடுத்துச் சொல்ல ஒரு கருத்து, அதற்கு மூன்று இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி வரலாறு. பத்து மதிப்பெண் விடைக்கு இந்த அளவு போதும். கதைச் சுருக்கத்தை முதல் பத்தியில் எழுதி நேரத்தை இழக்காதீர்கள். ‘சில விலங்குகள் அதிகச் சமம்’ என்ற வரியை எல்லா விடையிலும் செருகாதீர்கள். அது பத்தாம் அத்தியாயத்தில் ஏழு கட்டளையும் போய் மிஞ்சிய ஒற்றை வரி, அந்த இடத்தைப் பேசும்போதுதான் அதற்கு வலு.

கேள்வி: மகள் காலேஜில் இந்தப் புத்தகம் படிக்கிறாள். தமிழில் வாங்கி நானும் பார்த்தேன். நாலு கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் நான். இது குழந்தைப் பிள்ளைகள் கதை மாதிரி இருக்கிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது?
— உசிலம்பட்டி

பதில்: ஐயா, ஆர்வெலும் தலைப்புக்குக் கீழே ‘ஒரு மாயக்கதை’ என்ற பொருளில்தான் போட்டார். குழந்தைக் கதை நடையில் பெரியவர்களுக்காக எழுதியது. உங்கள் தொழிலே இந்தப் புத்தகத்தின் பூட்டைத் திறக்கிற சாவி என்பதால் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஜோன்ஸை விரட்டிய மறுநாள். பசுக்களைக் கறந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகிவிட்டது. மடி கட்டி வெடிக்கிற நிலை. அந்த வலியும், விட்டால் மடிநோயில் கொண்டுபோய் விடும் என்பதும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்றிகள் வாளி கொண்டுவரச் சொல்லிக் கறக்கின்றன. ஐந்து வாளி, நுரை ததும்பும் பால். இந்தப் பாலை என்ன செய்வது என்று யாரோ கேட்கிறார்கள். ஜோன்ஸ் சில சமயம் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் ஊற்றுவாரே என்று ஒரு கோழி சொல்கிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்று எல்லாரையும் வயலுக்கு அனுப்பிவிடுகிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் பால் இல்லை.

சொசைட்டியில் காலையில் ஊற்றிய பால் எத்தனை லிட்டர் என்று அட்டையில் ஏறாவிட்டால் சும்மா இருப்பீர்களா? அந்தப் பண்ணையில் அட்டை இல்லை. எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த பன்றிகள்தான் கணக்குக்காரர்கள். அடுத்த அத்தியாயத்தில், பால் பன்றிகளின் தீவனத்தில் தினமும் கலக்கப்படுகிறது என்று தெரிகிறது; மரத்தடியில் உதிரும் ஆப்பிளும் அவர்களுக்கே. எங்களுக்கே பால் பிடிக்காது, மூளை வேலை செய்கிறவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று ஸ்குவீலர் விளக்குகிறது. அதோடு பேச்சு அடங்குகிறது.

கதை திரும்புகிற இடம் இந்தப் பால் வாளிதான். இது எங்கள் ஊகம் இல்லை. 1946-ல் அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெலே சொல்கிறார்: பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டபோதே மற்ற விலங்குகள் உறுதியாக நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். 1921-ல் ரஷ்யாவின் கிரான்ஸ்டாட் துறைமுகத்தில் மாலுமிகள் உரிமை கேட்டுக் கிளர்ந்ததையும், புரட்சி அரசே அவர்களை ஒடுக்கியதையும் மனத்தில் வைத்து எழுதிய இடம் அது. நாய்கள், கொலைகள், கட்டில், விஸ்கி எல்லாம் பின்னால் வருபவை. முதலில் போனது ஐந்து வாளிப் பால்.

இன்னொன்றும் பாருங்கள். பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை பண்ணைக்காகத் தேய்ந்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் கல் இழுக்கும்போது விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். வந்து நிற்கிற வண்டியின் பக்கத்தில், குதிரைகளை வெட்டிப் பசை காய்ச்சுகிறவன் பெயர் எழுதியிருக்கிறது. நம் ஊர்ச் சொல்லில் அடிமாட்டுக்கு விற்றுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் வந்து, அந்த வண்டியை டாக்டர் விலைக்கு வாங்கிவிட்டார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை என்று சொல்ல, எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள். பன்றிகளுக்கு எங்கிருந்தோ காசு கிடைத்து இன்னொரு பெட்டி விஸ்கி வருகிறது. பன்னிரண்டு வயதில் குதிரைக்கு ஓய்வு என்றும், மேய்வதற்குத் தனி நிலம் என்றும் ஆரம்பத்தில் சட்டம் இருந்தது. அந்த நிலத்தில் மதுவுக்காகப் பார்லி விதைக்கப்படுகிறது. மகளோடு சேர்ந்து இந்த இரண்டு இடத்தையும் சத்தமாக வாசியுங்கள். வகுப்பில் கிடைக்காத விளக்கம் உங்களிடமிருந்து அவளுக்குக் கிடைக்கும்.

கேள்வி: பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ‘அலிகரி’ என்பதை மாணவர்களுக்கு விளக்கும்போது ‘உருவகக் கதை’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன். நம் இலக்கணத்தில் இதற்கு நேரான ஒன்று உண்டா?
— ஆசிரியை, சோழவந்தான்

பதில்: உண்டு. நெருங்கி வருவது பிறிதுமொழிதல் அணி. சொல்ல வந்ததைச் சொல்லாமல், வேறொன்றைச் சொல்லி அதை உணர்த்துவது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற 475-ஆம் குறள் எல்லாருக்கும் தெரியும். மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். குறளில் அரசன் இல்லை, பகைவன் இல்லை, வண்டி மட்டும்தான் இருக்கிறது. அது ‘வலியறிதல்’ அதிகாரத்தில் இருப்பதால்தான் சிறு பகைவர் பலர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் பிடிபடுகிறது.

இதற்குப் பக்கத்தில் நம் பாண்டிய நாட்டுப் பாட்டு ஒன்றை வையுங்கள். புறநானூறு 184, பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா (பழைய நில அளவு) என்ற அளவுக்கும் குறைந்த நிலத்து விளைச்சல் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலானாலும் யானை தானே புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் அழிவது அதிகம். வரி வாங்கும் அரசனும் அப்படியே. இதில் யானையும் அரசனும் இரண்டு பேரும் மேடையில் நிற்கிறார்கள், ‘போல’ என்று சொல்லியே புலவர் சேர்த்துவைக்கிறார். ஆகவே இது உவமை. இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘எதில் அரசன் ஒளிந்திருக்கிறான்?’ என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வேறுபாட்டைச் சொல்லிவிடும். ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் போதும். பிறகு நாவலின் பால் வாளி இடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் அணி என்ற பெயரோடு நின்றுவிட்டால் நாவலின் பாதிதான் கைக்கு வரும். மறுபாதி அங்கதம். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகத் திட்டுவது செம்பொருள், அது வசை. மறைத்துத் திட்டுவது பழிகரப்பு. புறநானூறு 95-இல் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவை மாலை சூடி நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்டால் புகழ்ச்சி, உள்ளே, உன் வேல் போர்க்களத்தையே பார்க்கவில்லை என்ற செய்தி. ஆர்வெல் இதே வேலையை ஒரு நாவல் நீளத்துக்குச் செய்கிறார். கதை சொல்கிற குரல் பன்றிகளை ஒரு இடத்திலும் திட்டுவதில்லை. விலங்குகளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே சொல்லி நகர்ந்துவிடுகிறது. பங்கைக் குறைக்கும்போது ஸ்குவீலர் ‘குறைப்பு’ என்று சொல்லாது, ‘மறுசீரமைப்பு’ என்கும். உற்பத்தி 200 விழுக்காடு, 300 விழுக்காடு, 500 விழுக்காடு கூடிவிட்டது என்று பட்டியல் வாசிக்கும். மறுப்பது வாசகர் வேலை. அந்தக் குரலைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தால் பெரிய உதவி.

பஞ்சதந்திரத்தோடு ஒப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பிடலாம், ஒன்றென்று சொல்லக் கூடாது. அங்கே நரி என்றால் தந்திரம் என்ற குணம், எந்தக் காலத்துக்கும். இங்கே நிற்பவர்களுக்குத் தேதியும் ஊரும் உண்டு.

கேள்வி: ஆர்வெல் பிறந்தது இந்தியாவா பர்மாவா என்று வீட்டில் ஒரு வாக்குவாதம். ஆசிரியர் குறிப்பில் எதை எழுதணும், எதை விடணும்? அவர் கம்யூனிஸ எதிரி, முதலாளித்துவ ஆதரவாளர் என்று எழுதலாமா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில்: எழுதக் கூடாது. இந்தப் பாடத்தில் அடிக்கடி வரும் பெரிய தவறு அதுதான். 1936 முதல் தான் எழுதிய முக்கியமான ஒவ்வொரு வரியும் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் ஜனநாயக சோஷலிசத்துக்கு ஆதரவாகவும் எழுதப்பட்டது என்று 1946-ல் ‘நான் ஏன் எழுதுகிறேன்’ கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். அரசியல் நோக்கத்தையும் கலை நோக்கத்தையும் தெரிந்தே ஒன்றாக்க முயன்ற முதல் புத்தகம் இந்தப் பண்ணைக் கதை என்றும் அதே கட்டுரையில் குறிப்பிடுகிறார். நாவலிலும் பாருங்கள், ஜோன்ஸ் நல்லவன் என்று எங்கும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் நல்லவர்கள் இல்லை. பன்றிகள் மீதுள்ள குற்றமே, அவர்களும் ஜோன்ஸ் ஆகிவிட்டார்கள் என்பதுதான்.

பிறந்தது இந்தியாவில். 1903 ஜூன் 25, பிகாரின் மோதிஹாரி. இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். அப்பா ஆங்கில அரசின் அபினித் துறை அலுவலர். அம்மா பர்மாவில் மௌல்மேனில் வளர்ந்தவர். மறு வருடமே அம்மா குழந்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். பர்மா வருவது பிறகு: 1922 முதல் 1927 வரை அங்கே போலீஸ் அதிகாரி. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி, 1937-ல்தான் பிரிந்தது. வீட்டில் இரண்டு கட்சியும் குழம்பியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆளுகிறவன் கையில் லத்தியோடு ஐந்து வருடம் நின்ற மனிதர், வேலையை விட்டுவிட்டு ஏழைகளோடு திரிந்து எழுதத் தொடங்கினார். 1933-ல் முதல் புத்தகத்துக்கு ‘ஜார்ஜ் ஆர்வெல்’ என்ற புனைபெயர். ஆர்வெல் என்பது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓடும் ஆறு.

ஆசிரியர் குறிப்பில் இடம் அதிகம் கொடுக்க வேண்டியது ஸ்பெயினுக்கு. 1936 டிசம்பரில், அங்கே ராணுவக் கிளர்ச்சியின் தலைவரான ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிடப் போனார். 1937 மே மாதம் கழுத்தில் குண்டு துளைத்தும் பிழைத்தார். அடுத்த மாதமே, அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவை நடத்திய ‘போம்’ என்ற இடதுசாரிக் கட்சி, எதிரியின் ஒற்றர்கள் என்று பட்டம் கட்டப்பட்டுத் தடை செய்யப்பட்டது. பட்டம் கட்டியது ஃபிராங்கோ தரப்பு இல்லை. அதே பக்கம் நின்ற, மாஸ்கோவின் சொல் கேட்ட கம்யூனிஸ்டுகள். அவரும் மனைவி அய்லீனும் ஃபிரான்ஸுக்குத் தப்பினார்கள். சண்டையே நடக்காத இடத்தில் பெரும்போர் நடந்ததாகவும், வீரமாகப் போரிட்டவர்களைத் துரோகிகள் என்றும் பத்திரிகைகள் எழுதியதை அங்கே கண்ணால் பார்த்தார். மேலூர் மாணவிக்குச் சொன்ன ஸ்னோபாலின் காயக் கதை அங்கிருந்து வருகிறது. ரஷ்யாவுக்கு அவர் போனதே இல்லை, அதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

கதைக்கான விதை பற்றி அவர் 1947-ல் உக்ரேனிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பத்து வயது இருக்கும் ஒரு பையன் பெரிய வண்டிக்குதிரையைக் குறுகிய பாதையில் ஓட்டிப் போகிறான், திரும்ப முயலும்போதெல்லாம் சவுக்கால் அடிக்கிறான். இந்த விலங்குகளுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது. பணக்காரர் உழைப்பாளியைச் சுரண்டுவதும் இப்படித்தான் என்று அந்த இடத்திலிருந்து யோசித்துக்கொண்டே போனார். வாலிங்டன் கிராமத்தில் இருந்தபோது அவரே ஆடு, கோழி வளர்த்தவர். அந்த ஆட்டின் பெயர் மியூரியல்!

மற்றவை ஒரு வரியில்: 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்பு. 1949 ஜூனில் ‘1984’ நாவல். 1950 ஜனவரி 21-ல் லண்டனில் காசநோயால் மரணம், வயது 46.

கேள்வி: இவ்வளவு பெயர் பெற்ற நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்களாமே, ஏன்?
— நூலகப் பணியாளர், மதுரை

பதில்: 1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரியில் முடித்தார். அப்போது ஹிட்லருக்கு எதிரான போரில் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி. ஸ்டாலினைப் பன்றியாக எழுதிய கதையை யார் தொடுவார்கள்? கொலன்ஸ், ஜோனதன் கேப், ஃபேபர், காலின்ஸ் என்று நான்கு நிறுவனங்கள் மறுத்தன. கேப் முதலில் ஒப்புக்கொண்டு, தகவல் அமைச்சகத்து அதிகாரி ஒருவரின் ஆலோசனைக்குப் பின் பின்வாங்கியது. ஆளும் கூட்டத்துக்குப் பன்றி வேண்டாம், வேறு விலங்காக இருந்தால் ரஷ்யர்கள் இவ்வளவு புண்படமாட்டார்கள் என்ற கருத்தும் கேப்பின் மறுப்புக் கடிதத்தில் இருந்தது. ஃபேபரில் மறுத்தவர் கவிஞர் டி.எஸ். எலியட். 1944 ஜூனில் ஆர்வெலின் வீட்டருகே ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்து, கையெழுத்துப் பிரதியை இடிபாட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17-ல் வெளியிட்டது, முதல் அச்சு 4,500 பிரதி. எழுதும்போது ஒவ்வொரு இரவும் வாசிக்கக் கேட்டுக் கருத்துச் சொன்ன அய்லீன், அந்த மார்ச் மாதமே அறுவைச் சிகிச்சையின்போது இறந்துவிட்டார். அச்சுப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்த மார்ச்சில் ஆர்வெல் செய்த ஒரு திருத்தத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. காற்றாலை வெடிக்கும் இடத்தில் நெப்போலியன் உட்பட எல்லா விலங்கும் தரையில் விழுந்தன என்றிருந்ததை, ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, ஆகவே அதுதான் அவருக்கு நியாயமாக இருக்கும் என்பது காரணம். தான் வெறுத்த மனிதனுக்கும் ஒரு சொல் அளவு நீதி.

கேள்வி: கழுதை பெஞ்சமினுக்கு எல்லாம் தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? அது ஆர்வெல்தானா?
— ஓய்வு பெற்றவர், வாடிப்பட்டி

பதில்: ஆர்வெல் இல்லை ஐயா. ஆர்வெல் எழுதினார், பெஞ்சமின், படிக்க உருப்படியாக எதுவும் இல்லை என்று இருந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் யாருக்கு எவ்வளவு எழுத்து வரும் என்று ஆர்வெல் கணக்காகவே கொடுக்கிறார். பாக்ஸர் நான்கு எழுத்துக்கு மேல் தாண்டவில்லை. மோலி என்ற குதிரை தன் பெயரின் எழுத்தை மட்டும் கற்றது. செம்மறியாடுகளுக்கும் கோழிகளுக்கும் ஏழு கட்டளை மனத்தில் நிற்காததால் ‘நாலு கால் நல்லது, இரண்டு கால் கெட்டது’ என்று சுருக்கித் தரப்பட்டது. பன்றிகளுக்குச் சமமாக வாசிக்கத் தெரிந்தது பெஞ்சமின் ஒன்றுதான். அது முதன்முதலாக வாய் திறந்து வாசித்தது, பாக்ஸரை ஏற்றிய வண்டியின் எழுத்தை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கைநாட்டுக்காரர்களை ஏமாற்றியவர்கள் பன்றிகள் என்றால், படித்தும் சொல்லாதவர்கள் பங்கு என்ன என்று நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி.

கேள்வி: நாவலுக்குப் பதில் படத்தைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதலாமா? புத்தகம் என்றால் எந்தப் பதிப்பு வாங்க?
— கல்லூரி மாணவர்கள் இருவர், அலங்காநல்லூர்

பதில்: படத்தை நம்பி எழுதினால் முடிவு தவறிவிடும். 1954-ல் வந்த கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. பின்னாலிருந்து பணம் கொடுத்தது. அதில் கடைசியில் விலங்குகள் பன்றிகளை எதிர்த்து எழுந்துவிடுகின்றன. 1999 படத்திலும் முடிவு மாறியிருக்கிறது. நாவலில் எழுச்சி எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே விலங்குகள் நின்று பன்றி முகத்தையும் மனித முகத்தையும் மாறி மாறிப் பார்க்கின்றன, எது எது என்று தெரியவில்லை. அங்கே சமாதானம் ஆகிவிட்டது என்றும் எழுதாதீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் பில்கிங்டனும் நெப்போலியனும் ஒரே சமயத்தில் ஸ்பேட் ஆஸ் சீட்டை இறக்கிச் சண்டை போடுகிறார்கள். 1943 தெஹ்ரான் மாநாட்டில் ஸ்டாலினும் பிரிட்டன், அமெரிக்கத் தலைவர்களும் கூடிக் குலாவியது நீடிக்காது என்று நினைத்தே அப்படி முடித்ததாக ஆர்வெல் எழுதியிருக்கிறார்.

பதிப்பு விஷயம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த வருடத்துக்குப் பின் 60 ஆண்டுதான் காப்புரிமை. ஆகவே 2011 முதல் யாரும் அச்சிடலாம், விலை மலிவான பதிப்புகள் நிறைய. வாங்கும்போது கடையிலேயே நின்று மூன்று இடம் புரட்டிப் பாருங்கள். அத்தியாயம் பத்து இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் விலங்குகளின் பாட்டு ஏழு பத்தியும் இருக்க வேண்டும். சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுவது பாட்டைத்தான். எட்டாம் அத்தியாயத்தில் காற்றாலை வெடிக்கும் இடத்தில் ‘நெப்போலியனைத் தவிர’ இருக்கிறதா என்று பாருங்கள். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் கேட்டால் ‘கைடு போதுமா, டெக்ஸ்ட் வேணுமா’ என்பார்கள். டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். காசு செலவழிக்க முடியாவிட்டால் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காலையில் போய் உட்கார்ந்தால், நிதானமாக வாசிக்கிறவரும் இரண்டு நாளில் முடித்துவிடலாம். நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள், ஏழு பக்கம் காலியாக விட்டு.